ஓர் இணுக்கு என்பது ஓர் இலை

சென்ற ஆவணியில் ஒரு சனிக்கிழமை, காட்பாடியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள், செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டும் பள்ளிப் பயிற்சிக்காக, வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு என்ற ஊரின் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். வந்த கையோடு, வீட்டின் பின்புறம் நிற்கும் கறிவேப்பிலை மரத்திலிருந்து பளபளப்பான ஒற்றை இலை ஒன்றைக் கிள்ளி வந்து, தாளின் நடுவில் வைத்து, அதன் கீழே ‘கறிவேப்பிலை – தனியிலை’ என்று எழுதினாள். அந்த நேரத்தில் அடுப்படியிலிருந்து என் ஆயாவின் (பாட்டியின்) குரல் வந்தது: “ரசத்துக்கு ஒரு இணுக்கு கறிவேப்பில கிள்ளினு வாம்மா.” அவள் மறுபடியும் போய், நடு ஈர்க்கின் இருபுறமும் இலைகள் வரிசையாக நிற்கும் ஓர் இணுக்கைக் கிள்ளி வந்தாள். அடுப்படிக்குப் போகவிடாமல் அதை வாங்கி, தாளில் கிடந்த ஒற்றை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். தாவரங்களின் புறத்தோற்றத்தைப் பற்றி நான் கற்றவற்றில் மிக முக்கியமான ஒன்று அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதை அவளுக்குச் சொல்லத் தொடங்கியதன் நீட்சியே இந்தக் கட்டுரை.

பச்சையாக, தட்டையாக, நரம்போடிக் கிடப்பதெல்லாம் இலை என்றே நாம் நினைக்கிறோம். தாவரவியலோ நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து இலையைத் தீர்மானிப்பதில்லை. தண்டின் கணுவில், பக்கவாட்டில் தோன்றி, தன் கக்கத்தில் ஒரு மொட்டை வைத்துக்கொண்டிருப்பது எதுவோ, அதுவே இலை. கக்கம் என்பது இலை தண்டோடு சேரும் மேற்புறக் கோணம். கறிவேப்பிலை மரத்தருகே சென்று, இணுக்கு கிளையோடு சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால், அங்கே பச்சை மிளகு முனையளவில் ஒரு மொட்டு இருப்பது தெரியும். அதே இணுக்கில் வரிசையாக நிற்கும் ‘இலை’களின் அடியைப் பார்த்தால், ஒன்றில்கூட மொட்டு இருக்காது. ஆகவே அவை சிற்றிலைகள்; இணுக்கு முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை. நடுவில் ஓடும் ஈர்க்கு கிளை போலத் தோன்றினாலும், அதன் நுனியில் வளரும் மொட்டு இல்லை. ஒரு சிற்றிலையோடு அது முடிந்துவிடுகிறது. இதைக் கூட்டிலை என்கிறோம். ஆயா கேட்ட அளவு எதுவோ, அதுவே தாவரவியலின் ஓர் இலை. அடுப்படியில் அளவாக வழங்கும் ஒரு சொல் உறுப்பின் எல்லையை இவ்வளவு சரியாக வரைந்திருப்பதை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன்.

வேம்பும் அப்படித்தான், புளியும் அப்படித்தான். முருங்கை இன்னும் ஒரு படி மேலே போய், ஈர்க்கிலிருந்து ஈர்க்கு, அதிலிருந்தும் ஈர்க்கு என்று மும்முறை பிரிகிறது. ஒரு முழ நீளத்துக்கு நாம் ஒடித்து வரும் அந்தக் ‘கிளை’ ஒரே இலை. இரவில் முருங்கைக்கீரையைத் துணியில் சுற்றி வைத்தால் காலையில் உதறியதும் கீரை தானாக உதிர்ந்துவிடும் என்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த உபாயம். சிற்றிலை ஒவ்வொன்றின் அடியிலும் தனித்தனியே ஒரு மூட்டு இருப்பதால் அது முடிகிறது. எலுமிச்சை இலையில் நேர்மாறான விந்தை உண்டு: பார்வைக்குத் தனியிலையாக இருக்கும் அதன் பரப்பும் காம்பும் சேரும் இடத்தில் ஒரு மூட்டு இருக்கிறது. மற்றச் சிற்றிலைகள் எல்லாம் மறைந்து ஒன்றே எஞ்சிய கூட்டிலையாக அதைக் கொள்கிறார்கள்.

கக்கமொட்டு என்ற பாடநூல் சொல் என் மருமகளுக்கு மனத்தில் ஒட்டவில்லை. உத்திரகாவேரி ஆற்றுப் பக்கம் கரும்பு வைத்திருக்கும் உறவினர் வயலுக்கு அழைத்துப் போனபோதுதான் அது விளங்கியது. கரும்பு நடுகிறவர்கள் அந்த மொட்டைப் ‘பரு’ என்பார்கள். ஒரு பருக் கரணை, இரு பருக் கரணை என்று கணக்குப் பார்த்துத்தான் விதைக்கரும்பை வெட்டுவார்கள். தோகையை உரித்தால், தோகையின் அடியுறை கணுவைச் சுற்றித் தழுவியிருந்த இடத்துக்கு உட்புறமாக, கணுவுக்கு ஒன்றாக, பரு உட்கார்ந்திருக்கும். அடுத்தடுத்த கணுக்களில் அது பக்கம் மாறி மாறி அமையும். பருவைச் சுற்றிக் கணுவில் ஒரு பட்டையாகப் புள்ளிகள் தெரியும். மண்ணுக்குள் போனதும் முதல் வேர்கள் புறப்படும் இடங்கள் அவை. கணுவும் கணுவிடையும் இலையும் கக்கமொட்டும் சேர்ந்த ஓர் அலகையே செடி திரும்பத் திரும்ப அடுக்கித் தண்டுத்தொகுப்பைக் கட்டுகிறது. வேரில் கணுவும் இல்லை, இலையும் இல்லை, கக்கமும் இல்லை. இஞ்சியும் மஞ்சளும் மண்ணுக்குள் கிடந்தாலும் தண்டு என்றும், சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேர் என்றும் சொல்வதற்குக் காரணம் இதுதான். இஞ்சியின் வளையங்கள் கணுக்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் காய்ந்த சவ்வு இலை.

வயலிலிருந்து திரும்பும் வழியில், வரப்போரத்தில் கீழாநெல்லி கிடந்தது. இணுக்கைப் பற்றிய பாடம் ஏறிவிட்ட உற்சாகத்தில், “அத்தை, இதுவும் கூட்டிலைதானே?” என்றாள். தோற்றத்தைப் பார்த்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும். நடுவில் மெல்லிய ஈர்க்கு, இருபுறமும் ஒழுங்கான வரிசையில் சின்னஞ்சிறு இலைகள். அதைத் திருப்பிக் காட்டினேன். இலை ஒவ்வொன்றின் கக்கத்திலும் ஒரு பூவோ ஒரு காயோ தொங்கிக்கொண்டிருந்தது. கக்கத்தில் பூ இருக்கிறதென்றால் அது முழு இலை. அப்படியானால் அந்த ஈர்க்கு ஒரு கிளை. கிளை எந்த இலையின் கக்கத்தில் தோன்றியது என்று கேட்டால் அதற்கும் விடை உண்டு: கீழாநெல்லியின் நடுத்தண்டில் இருக்கும் இலைகள் சுருங்கி வெறும் செதில்களாகிவிட்டன, அந்தச் செதில்களின் கக்கத்திலிருந்தே இந்தக் கிளைகள் வருகின்றன. அதே பேரினத்தைச் சேர்ந்த பெருநெல்லி மரத்தில் இப்படிப்பட்ட சிறுகிளைகள், இலை உதிர்வது போலவே, முழுக் கிளையாக உதிர்கின்றன. கறிவேப்பிலையில் கிளை போல் நின்றது இலை. கீழாநெல்லியில் இலை போல் கிடந்தது கிளை. செடியின் அமைப்பைப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் இந்த இரண்டையும் ஒரே நாளில் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு சிறு விலகல். கறிவேப்பிலைக்கு நெடுங்காலம் வழங்கிய அறிவியல் பெயர் ‘முர்ராயா கோனிகி’. அந்தக் கோனிக், சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸிடம் பயின்ற யோகான் கெர்ஹார்டு கோனிக். தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, 1774-இல் ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தவர். 1785-இல் இறக்கும்வரை தென்னாட்டின் செடிகளைச் சேகரித்தும் விவரித்தும் வந்தார். ஆற்காட்டின் பெயரோடு படைகளும் கோட்டைகளும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன; நம் ரசத்தில் மிதக்கும் இலையின் பெயருக்குள்ளும் ஆற்காடு நவாபிடம் ஊதியம் பெற்ற ஒருவர் இருக்கிறார் என்பதை எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என விரும்புகிறேன்.

இடத்தை வைத்து உறுப்பை அறிவதற்கு எங்கள் ஊரில் இன்னும் சிறந்த பாடம் முள். எங்களுக்குப் பக்கத்து ஊர் இலவம்பாடி. அதன் முள்ளுக் கத்தரி 2023-இல் வேலூர் முள் கத்தரி என்று புவிசார் குறியீடு பெற்றது. காம்பிலும், காயைப் பிடித்திருக்கும் பச்சைத் தொப்பியிலும், தண்டிலும், இலை நரம்பின்மேலும் முள் இருக்கும். அன்று நாங்கள் கத்தரித் தோட்டத்து வேலியில் எலுமிச்சையையும், சற்றுத் தள்ளி ஒரு கருவேலத்தையும், ஓர் இலந்தைப் புதரையும் பார்த்தோம். தமிழில் நான்குக்கும் முள் என்ற ஒரே சொல்தான். செடியைப் பொறுத்தவரை அவை மூன்று வேறு உறுப்புகள். எலுமிச்சையின் முள் இலையின் கக்கத்தில், மொட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கிளை நிற்க வேண்டிய இடம் அது, ஆகவே அது கிளையின் மாற்றுரு. கருவேலத்தில் முட்கள் இலைக்காம்பின் இருபுறமும் இரட்டையாக நிற்கின்றன. இலையடிச் செதில்களின் இடம் அது. இலந்தையிலும் அதே இரட்டைதான். ஆனால் ஒன்று நேராகவும் மற்றொன்று கொக்கியாகவும் இருப்பதால்தான் புதருக்குள் விட்ட கை எளிதில் திரும்புவதில்லை. முள்ளுக் கத்தரியின் முட்களுக்கோ ஒழுங்கான இடமே கிடையாது. கணுவிலும் வரும், கணுவிடையிலும் வரும், இலைமேலும் வரும். அவை எந்த உறுப்பின் மாற்றுருவும் இல்லாமல், மேல்தோலிலிருந்து எழும் புடைப்புகள். கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினால், ரோஜா முள்ளைப் போலவே, அடியோடு பெயர்ந்துவிடும். எலுமிச்சை முள்ளை அப்படிப் பெயர்க்க முடியாது, அதன் உள்ளே தண்டின் கட்டையே ஓடுகிறது.

இந்த வேறுபாடு வெறும் பெயர்ப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கத்தரி, ரோஜா போன்ற செடிகளில் மேல்தோல் முள் தோன்றுவதற்குச் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியை உண்டாக்கும் ஒரு மரபணுக் குடும்பம் காரணமாக இருப்பதையும், பயிரிடப்பட்ட முள்ளில்லாக் கத்தரிகளில் அந்த மரபணு பழுதுபட்டிருப்பதையும் 2024-இல் சயன்ஸ் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முள்ளைக் கிளையாக எண்ணித் தேடியிருந்தால் அந்த இடத்துக்கு வந்துசேர்ந்திருக்க முடியாது. சப்பாத்திக்கள்ளியில் இந்தக் கதை மறுபடியும் திரும்புகிறது. அங்கே பச்சையாகத் தட்டையாக இருப்பது தண்டு, முள்ளாகக் குத்துவது இலை.

கத்தரிச் செடியின் முன் நாங்கள் நெடுநேரம் நின்றோம். நான் சொல்லிக்கொடுத்த விதியை வைத்துக்கொண்டே அவள் என்னை மடக்கினாள். பூ கக்கத்தில்தானே வர வேண்டும், கத்தரிப்பூ ஏன் இலைக்கும் இலைக்கும் நடுவில் தண்டின் பக்கத்திலிருந்து தொங்குகிறது என்று கேட்டாள். அவள் பார்த்தது சரி. கத்தரியிலும் தக்காளியிலும் பூக்காம்பு கணுவிடையில்தான் நிற்கிறது. விடை இதுதான்: நேராக மேலே போகும் ஒரே தண்டு போல நமக்குத் தெரிவது உண்மையில் ஒரே தண்டு இல்லை. தண்டின் நுனி பூவாக மாறி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கடுத்த இலையின் கக்கமொட்டு கிளையாகப் புறப்பட்டு, நிமிர்ந்து, முடிந்துபோன தண்டின் திசையைப் பிடித்துக்கொள்கிறது. சில இலைகளுக்குப் பிறகு அதுவும் பூவாக முடிய, இன்னொரு கிளை அந்த இடத்துக்கு வருகிறது. ஓரத்துக்குத் தள்ளப்பட்ட நுனிப்பூவைத்தான் நாம் பக்கவாட்டுப் பூ என்று எண்ணுகிறோம். விதியை மீறியதாகத் தெரிந்த பூ விதிக்குள்ளேயேதான் நிற்கிறது. மொட்டு எது, தண்டு எது என்று மட்டும் பொறுமையாகப் பின்தொடர வேண்டும்.

அந்தப் பூவின் உள்ளமைப்பையும் பார்த்தோம். அடியில் ஐந்து முனைகளோடு இணைந்த புல்லிவட்டம், அதிலும் முள். அதற்குள் ஊதா நிறத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய அல்லி இதழ்கள். இதழ்களின் குழாயில் ஒட்டியபடி மஞ்சளாக ஐந்து மகரந்தத்தாள்கள், நடுவில் சூலகம். கத்தரியின் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிப்பதில்லை. நுனியில் உள்ள சிறு துளைகள் வழியே மட்டும் தூளை வெளியே விடும். வண்டு பூவைப் பற்றிக்கொண்டு, தன் இறகுத் தசைகளை அதிரச் செய்து, அந்தத் துளைகளிலிருந்து தூளை உதிர்க்கிறது. தோட்டத்தில் காலையில் கேட்கும் அழுத்தமான ரீங்காரம் அதுதான். ஒரே செடியில் பூவுக்குப் பூ சூலகத்தண்டின் நீளம் மாறும். சூலகமுடி மஞ்சள் கூம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் பூ காய்க்கும். கூம்புக்குள்ளேயே குட்டையாக அடங்கிக் கிடக்கும் பூ பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பூ கொட்டுகிறதே என்று கவலைப்படும் விவசாயி, கொட்டிய பூவைக் கையில் எடுத்து இந்த ஒன்றைப் பார்த்தால், அதில் எவ்வளவு நோயால், எவ்வளவு இயல்பால் என்று ஓரளவு பிரித்துவிடலாம்.

பூ உதிர்ந்த பிறகும் புல்லிவட்டம் உதிராமல், காயோடு சேர்ந்து வளர்கிறது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்குகிறவர்கள் முதலில் அந்தப் பச்சைத் தொப்பி வாடியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பூவாக இருந்த நாளின் எச்சத்தைத் தொட்டுத்தான் காயின் வயதை அறிகிறார்கள். இதே குடும்பத்துச் சொடக்குத் தக்காளியில் புல்லிவட்டம் காயையே முழுதும் மூடிய பையாகிவிடும். நெற்றியில் அடித்துச் சொடக்கு விட்ட பிள்ளைகள் அனைவரும் புல்லிவட்டத்தைத்தான் உடைத்தோம்.

பூவின் நான்கு வட்டங்களும் இலையின் மாற்றுருக்கள் என்ற கருத்தை 1790-இல் ஜெர்மானியக் கவிஞர் கதே எழுதினார். அதைப் பாடநூலில் படிப்பதைவிட, வீட்டு வாசலில் இருக்கும் அடுக்குச் செம்பருத்தியைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒற்றைச் செம்பருத்தியில் ஐந்து இதழ்கள், அவற்றின் நடுவிலிருந்து நீளும் குழாயில் மகரந்தத்தாள்கள், குழாயின் நுனியைத் தாண்டி ஐந்து சூலகமுடிகள் என எல்லாம் தெளிவாக இருக்கும். அடுக்குப் பூவில் அந்தக் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இதழ்க்கற்றை நிற்கிறது. ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பிரித்தால், ஒரு விளிம்பில் மகரந்தப்பை ஒட்டிய பாதி இதழ்கள் கிடைக்கும். மகரந்தத்தாளாகப் புறப்பட்டு இதழாக முடிந்தவை அவை. கதே எழுதி இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1991-இல், தாவர மரபியலாளர்களான என்ரிக்கோ கோயனும் எலியட் மேயரோவிட்ஸும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: மூன்று தொகுதி மரபணுக்கள் பூவின் வட்டங்களில் ஒன்றோடொன்று சேரும் விதத்தால், முதல் தொகுதி தனித்து நின்ற இடத்தில் புல்லியும், இரண்டாவதோடு சேர்ந்த இடத்தில் அல்லியும், இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்த இடத்தில் மகரந்தத்தாளும், மூன்றாவது தனித்த இடத்தில் சூலகத்தை ஆக்கும் சூலிலையும் உண்டாகின்றன. பல அடுக்குப் பூக்களில் மூன்றாம் தொகுதியின் வேலை குன்றியிருப்பதைப் பின்னர் கண்டறிந்தார்கள். என் மருமகள் கேட்டவுடன் புரிந்துகொண்டாள்: வட்டத்தின் இடம்தான் உறுப்புக்குக் கட்டளை.

தண்டைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிக் கடக்கிறேன். நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்துக்குத் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை என்று தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழி இது. தொல்காப்பியத்தின் மரபியல், வைரம் வெளியே இருப்பதைப் புல் என்றும், உள்ளே இருப்பதை மரம் என்றும் பிரிக்கிறது; அதன்படி பனை புல். எங்கள் பழைய வீட்டின் கூரைக்குப் பனங்கை அறுத்தபோது, வெளிப்புறத்தின் கருமையான கெட்டிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு நடுச்சோற்றைத் தள்ளிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஒருவித்திலைத் தாவரமான பனையில் ஆண்டுதோறும் உள்ளே கட்டையை ஏற்றும் வளையம் இல்லை. தண்டெங்கும் சிதறிக் கிடக்கும் குழாய்க் கற்றைகள் வெளிப்புறத்தில் நெருங்கி இறுகுகின்றன. வேம்பில் அந்த வளையம் உண்டு, ஆகவே வைரம் நடுவில் ஏறுகிறது. வித்திலையை எண்ணாமலே, வெட்டிய அடிமரத்தைப் பார்த்தே இந்தப் பெரும் பிரிவை நம்மவர்கள் தொட்டிருக்கிறார்கள்.

இனி மல்லாட்டைக்கு வருகிறேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்; மணிலாக்கொட்டை என்பதன் தேய்வு. மானாவாரி நிலத்துக்குக் கொல்லை என்று பெயர். ஆடியிலும் அதையொட்டியும் கொல்லையெல்லாம் மல்லாட்டை விதைப்புதான். நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, வேரின் மாற்றுருக்களை வரையச் சொன்னார்கள். கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளி மூன்றையும் வரைந்துவிட்டு, நாலாவதாக வேர்களின் நுனியில் காய்கள் தொங்கும் ஒரு வேர்க்கடலைச் செடியை வரைந்தேன். ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் போட்டிருந்தார்கள். வீட்டில் பெருமையோடு காட்டினேன். படிக்கத் தெரியாத என் ஆயா படத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மல்லாட்ட வேர்ல எங்கடி காய்க்குது? பூ வுட்ட எடத்துல இருந்து விழுது எறங்கி மண்ணுக்குள்ள போய் காய்க்குது. காலையில கொல்லைக்கு வா, காட்டறேன்.” அன்று கிடைத்த மதிப்பெண்ணை நான் மறந்திருப்பேன், தவறான விடைக்கு அது கிடைத்தது என்பதை மறக்க முடியவில்லை. தாவரவியல் படிக்கப் போனதற்கு அந்த மறுநாள் காலைதான் காரணம்.

அதே கொல்லைக்குத்தான் என் மருமகளை அழைத்துப் போனேன். ஆயாவும் கோலூன்றி வந்தார். விதைத்து நாற்பது நாள் தாண்டிய செடிகள். இலைகள் ஒவ்வொன்றும் இரண்டு இணைச் சிற்றிலைகளோடு, காலை வெயிலில் விரிந்திருந்தன. இரவில் அவை மடங்கிக்கொள்ளும். பூ விடியலில் விரிந்து, வெயில் ஏற ஏற வாடிவிடும் என்பதால் சீக்கிரமே போயிருந்தோம். மஞ்சள் பூவை அதன் காம்போடு கிள்ளியதாக அவள் நினைத்தாள். ஆனால் அந்த மெல்லிய ‘காம்பு’ காம்பன்று. பூவின் குழாய் அது. இதழ்கள் குழாயின் உச்சியில் இருக்க, சூலகம் குழாயின் அடியில், இலைக் கக்கத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. குழாயின் உள்ளே நூல் போல ஓடும் சூலகத்தண்டின் வழியாகத்தான் மகரந்தக் குழல் அவ்வளவு தூரம் இறங்க வேண்டும்.

கருவுற்று, பூ வாடிய சில நாட்களில், சூற்பையின் அடிப்பகுதி நீளத் தொடங்குகிறது. ஊதாச் சாயலோடு, ஊசிமுனையோடு, கீழ்நோக்கி வளரும் இந்த உறுப்பைத்தான் விழுது என்கிறார்கள். பார்த்தால் வேர், வேரைப் போலவே புவியீர்ப்புக்குக் கட்டுப்பட்டு நேரே கீழே இறங்கும், நுனியில் ஒரு காப்பும் உண்டு. ஆனாலும் அது சூலகத்தின் பகுதி, நுனிக்குள் சூல்களைச் சுமந்துகொண்டு போகிறது. மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம் போன பிறகு, இருளில், படுக்கை வாக்கில் திரும்பிக் காயாகப் பருக்கத் தொடங்கும். மண்ணை எட்டாத விழுது காய்ப்பதில்லை. செடியின் மேல்பகுதியில் தாமதமாகப் பூத்தவற்றின் விழுதுகள் அந்தரத்திலேயே கருகி நிற்பதை ஒவ்வொரு செடியிலும் காணலாம். காய்ந்து இறுகிய செம்மண்ணிலும் விழுது உள்ளே போகாது. நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்குள் களை கொத்தி மண் அணைத்துவிட்டு, அதற்குப் பிறகு செடியைத் தொடக்கூடாது என்று ஆயா சொல்லிவந்ததன் பொருள் இதுதான்.

மண் அணைக்கும் அதே நேரத்தில், சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) கொண்ட ஜிப்சம் போடச் சொல்வார்கள். எக்டேருக்கு 400 கிலோ, ஏக்கருக்கு 160 கிலோ. ஏன் அடியுரமாக விதைக்கும்போதே போட்டுவிடக் கூடாது என்று என் மருமகள் கேட்டாள். செடியின் புறத்தோற்றம் தெரிந்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும். வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து, இலைகள் நீரை ஆவியாக விடும் இழுப்போடு மேலே போய்விடுகிறது. இலையிலிருந்து அது மறுபடி கீழே இறங்கி வருவது மிகக் குறைவு. மண்ணுக்குள் கிடக்கும் காயோ நீரை ஆவியாக விடுவதில்லை, ஆகவே மேலிருந்து அந்தச் சத்தை இழுத்துக்கொள்ள அதனால் முடியாது. தன்னைச் சுற்றிய மண்ணிலிருந்து, தன் ஓட்டின் வழியாகத் தானே உறிஞ்சியாக வேண்டும். ஆகவே காய் பருக்கத் தொடங்கும் நேரத்தில், காய் இருக்கப்போகும் மேல்மண்ணில் அது இருக்க வேண்டும். அது கிடைக்காத காய் பொக்காகும். கடலை வேரில் காய்க்கிறது என்று நம்பும் ஒருவர் சத்தை வேருக்குக் கொடுத்துவிட்டுக் காயைப் பட்டினி போட்டுவிடுவார். ஏழாம் வகுப்பில் நான் வரைந்த படத்தின் பிழை, ஒரு கொல்லையின் விளைச்சலையே தொடக்கூடிய பிழை.

நாங்கள் ஒரு செடியை மட்டும் மண்ணோடு கெல்லி எடுத்துக் கழுவினோம். ஆணிவேரும் அதன் கிளைகளும் தனியாக, அவற்றில் கடுகு போல ஒட்டியிருந்த வேர்முடிச்சுகளோடு தெரிந்தன. விழுதுகள் எல்லாம், ஒன்று விடாமல், மண்ணுக்கு மேலிருந்த கணுக்களிலிருந்தே புறப்பட்டிருந்தன. பருக்கத் தொடங்கிய ஒரு பிஞ்சை நகத்தால் பிளந்து சூல்களைக் காட்டினேன். வீட்டுக்கு வந்ததும், ஆயா முறத்திலிருந்து போன வருடத்து விதைக்கடலை ஒன்றை எடுத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பருப்பின் முனையில் ஒட்டியிருந்த சிறு முளைக்கருவைக் காட்டினார். எங்கள் வீட்டில் அதைப் பிள்ளையார் என்போம். இரு பருப்பும் வித்திலைகள், நடுவில் வேராகப் போவதும் தண்டாகப் போவதும் ஏற்கெனவே பிரிந்து நிற்கின்றன.

அன்று மாலை அவள் தாள்களைத் திருத்தினாள். முதல் தாளில் ‘தனியிலை’ என்பதை அடித்துவிட்டு, முழு இணுக்கையும் ஒட்டி, ‘கூட்டிலை, ஓர் இணுக்கு’ என்று எழுதினாள். கடலைச் செடியின் தாளில் வேருக்கு ஒரு கோடும் விழுதுக்கு ஒரு கோடும் இழுத்து, விழுதின் கோட்டுக்கு எதிரே ‘சூலகத்தின் பகுதி’ என்று எழுதினாள். ஊருக்குப் புறப்படும் முன், மறுநாள் காலை தனியாகக் கொல்லைக்குப் போய், அன்று விரிந்திருந்த மூன்று பூக்களின் கணுவில் சிவப்பு நூல் கட்டிவிட்டு, தேதியை எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு கணுக்களில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில், பதினோராம் நாள் காலையில், விழுதின் முனை மண்ணுக்குள் போயிருந்தது. மண்ணை விலக்காமல் அப்படியே படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.